விளக்கு எரிந்தால் போதாது

அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அவனை வேலைக்குக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஊர் வைத்த பெயர் ‘இன்னொருதடவை’. வயரெல்லாம் இழுத்து, ஸ்குரூவெல்லாம் முடுக்கி, சாமான்களைப் பையில் போட்டு ஜிப்பையும் இழுத்துவிடுவான். வீட்டுக்காரர்கள் ‘அப்பாடா, கிளம்பிவிட்டான்’ என்று மூச்சுவிடுகிற நேரம் பார்த்து, “எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாமே” என்று ஜிப்பைத் திரும்பத் திறப்பான். அவசரக்காரர்கள் அவனைக் கூப்பிடவே மாட்டார்கள். நிதானமாகக் கூப்பிட்டவர்களும் அன்று சாயங்காலத்துக்குள் அவசரக்காரர்களாக மாறிவிடுவார்கள்.

எலக்ட்ரீஷியன் கரண்டுக்குப் பயப்படுவதா என்று கேட்டுச் சிரிக்காதவர் கிடையாது. அவன் பயந்தான். அதை மறைக்கவும் இல்லை. பழைய கூட்டாளி ஒருவன், ‘லைன்ல கரண்டு இல்ல’ என்று யாரோ கீழேயிருந்து கத்தியதை நம்பி வயரில் கை வைத்ததைப் பக்கத்து ஏணியில் நின்று பார்த்தவன் அவன். வைத்தான், அதோடு சரி. அன்றிலிருந்து இவன் யார் வாய்ச்சொல்லையும் நம்புவதில்லை. தன் டெஸ்டரையே நம்புவதில்லை. செத்த வயரைத் தொடுமுன் உயிருள்ள வயரில் ஒருமுறை வைத்து, டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துக்கொள்வான். கண் போகாத இடத்தில் கையை விடமாட்டான். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தை எப்படியாவது வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் விரலை நீட்டுவான்.

வீட்டிலும் அதே கதைதான். கேஸை மூடிவிட்டு மூடினோமா என்று பார்ப்பான், வாசல் பூட்டை இழுத்துப் பார்ப்பான், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பான். “கல்யாணத்துக்கு முன்னாடி ‘உனக்குச் சம்மதந்தானே’ன்னு என்கிட்ட மூணு தடவை கேட்டாரு” என்பாள் அவன் மனைவி. “நாலாவது தடவை கேட்டிருந்தா நானும் யோசிச்சுத் தப்பிச்சிருப்பேன்.” சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அவனும் சிரிப்பான், கண் மட்டும் கேஸ் அடுப்புப் பக்கம் போய்வரும்.

இத்தனை பயந்தவன் வாயிலிருந்து ‘பயப்படாதீங்க’ என்ற வார்த்தை எப்படி வரும்? வந்ததில்லை. வேலை முடிந்ததும் யாராவது “இனிமே பிரச்சனை வராதே?” என்று கேட்டால், “இப்ப நல்லா இருக்கு” என்பான். அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியாது. அந்த வார்த்தையை அவன் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். அது அச்சக்காரர் வீட்டில்.

அச்சக்காரர் என்பது இப்போது பழைய கதை. ஆயுள் முழுவதும் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று உழைத்து ஓய்ந்த பெரியவர் அவர். இயந்திரம் அவரிடமிருந்து காதை எடுத்துக்கொண்டது. இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காதில் கத்திச் சொன்னால் பாதி ஏறும். ஆனால் இயந்திரத்தின் மேல் அவருக்குக் கோபமில்லை. “மெஷின் சத்தம் உடம்புல பட்டாத்தான் தம்பி எனக்குத் தூக்கமே வரும்” என்பார். அச்சகத்தை மூடியபோது அங்கிருந்து அவர் கேட்டு வாங்கிவந்தது ஒரு பழைய ஜெனரேட்டரை மட்டும்தான். அதைப் பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே வைத்து, வாரம் ஒருமுறை துடைப்பார்.

அவருடைய மனைவிக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். அதிலிருந்து மெல்லிய குழாய் மூக்குக்கு வரும். மெஷின் ஓடினால் அந்த அம்மா மெதுவாகப் பேசுவார், சிரிப்பார், அச்சக்காரரைக் கேலி செய்வார். மெஷின் நின்றால் கொஞ்ச நேரத்தில் உதடு நீலம் பாயும். கரண்டு போகும் நேரத்துக்கென்று மூலையில் ஒரு பெரிய சிலிண்டர் வாடகைக்கு நின்றது. அதைத் திறக்கும் சாவி பெரியவர் கையில் எப்போதும் நழுவும். அதனால்தான் இன்வெர்ட்டர் வாங்கினார்கள், அதனால்தான் இவனைக் கூப்பிட்டார்கள்.

வேலை இதுதான். தெருக் கம்பத்திலிருந்து வருகிற கரண்டு ஒரு பக்கம், ஜெனரேட்டரிலிருந்து வருகிற கரண்டு ஒரு பக்கம். இரண்டையும் பின்வாசல் சுவரில் ஒரு கைப்பிடி ஸ்விட்சுக்குக் கொண்டுவர வேண்டும். கைப்பிடி மேலே இருந்தால் தெருக் கரண்டு, கீழே இழுத்தால் ஜெனரேட்டர். எது வந்தாலும் அது இன்வெர்ட்டருக்குப் போகும். இன்வெர்ட்டர் பேட்டரியை நிரப்பிக்கொண்டே வீட்டையும் ஓட்டும். கரண்டு போனால் பேட்டரி தாங்கும், நேரம் இழுத்தால் பெரியவர் ஜெனரேட்டரைப் போட்டுக் கைப்பிடியை இழுத்துவிடுவார், பேட்டரி மறுபடி நிரம்பும். ஒன்று விட்டால் ஒன்று.

இன்வெர்ட்டரின் முதுகில் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. அதை ஒரு பக்கம் தள்ளினால், வருகிற கரண்டு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் கரண்டு போகும்போது எல்லாம் ஒரு கணம் கண் சிமிட்டும். மறுபக்கம் தள்ளினால் அந்தச் சிமிட்டல்கூட இருக்காது. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்காக அது. இவன் அந்த அம்மாவின் மூக்குக் குழாயைப் பார்த்தான். ஒரு கணம்கூட நிற்கக் கூடாது என்று பயந்தான். பயந்துபோய் ஸ்விட்சைக் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளினான். அந்தப் பக்கத்தில் இன்வெர்ட்டருக்கு நாக்கு ருசி அதிகம், பழைய ஜெனரேட்டர் தருவதுபோல் சீராக வராத கரண்டை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுப் பேட்டரியைத் தின்ன ஆரம்பித்துவிடும் என்பது அவனுக்குத் தெரியாத விஷயமில்லை. அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அவன் சோதித்தான். அவனா சோதிக்காமல் விடுவான்? இன்வெர்ட்டருக்குப் போகிற பிளக்கில் டெஸ்டரை வைத்தான், ஜெனரேட்டர் கரண்டு வந்து நின்றது. பின்வாசலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினான்.

“லைட்டு எரியுதா சார்?”

“எரியுது!”

“ஃபேன் சுத்துதா?”

“சுத்துது!”

“அம்மாவோட மெஷின்?”

“அது பாட்டுக்கு ஓடுது தம்பி!”

மேலே தள்ளினான், கீழே இழுத்தான், மறுபடி கத்தினான். மூன்று தடவையும் எல்லாம் எரிந்தது, எல்லாம் சுற்றியது. இன்வெர்ட்டரை மட்டும் அவன் போய்ப் பார்க்கவில்லை. பேட்டரி கண்ணுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னதால் தச்சர் அழகாக ஒரு மரப்பெட்டி செய்து, கதவும் வைத்து மூடியிருந்தார். கதவுக்குப் பின்னால் பச்சை எரிகிறதா சிவப்பு எரிகிறதா என்று யார் கண்டது!

கிளம்பும்போது அந்த அம்மா கூப்பிட்டார். “தம்பி, ராத்திரியில எனக்கு அதே நெனப்பு. நடுவுல நின்னுபோயிட்டா அவருக்குக் காதும் கேக்காது. நின்னுபோயிடாதே?”

அந்தக் கண்களைப் பார்த்ததும் அவன் வழக்கத்தை விட்டான். “பயப்படாதீங்கம்மா. மூணு தடவை பாத்துட்டேன். இனிமே இந்தச் சிலிண்டர்கூட வேண்டியதில்ல.”

அடுத்த நாளே சிலிண்டரைத் திருப்பி அனுப்பினார்கள். வண்டியில் தூக்கி ஏற்றிவிட்டதும் அவன்தான்.

மழைக்காலம் பிறந்ததும் ஒரு விடியற்காலையில் பெரிய காற்று அடித்தது. மரங்கள் விழுந்தன, கம்பங்கள் சாய்ந்தன, ஊர் முழுக்கக் கரண்டு போனது. எலக்ட்ரீஷியனுக்கு அன்றைக்குத்தான் கிராக்கி. ஜெராக்ஸ் கடை அக்காவிடமிருந்து முதல் அழைப்பு வந்தது. “ஜெனரேட்டர் ஓடிக்கிட்டே இருக்கு, இந்தச் சனியன் கீ கீன்னு கத்திக்கிட்டே இருக்கு. என்னன்னு வந்து பாரு.”

போய்ப் பார்த்தான். இன்வெர்ட்டரைத் திருப்பினான். முதுகு ஸ்விட்ச் கம்ப்யூட்டர் பக்கம் இருந்தது. டெஸ்டரின் வாலால் மறுபக்கம் தள்ளினான். கொஞ்சம் பொறுத்து உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். சிவப்பு அணைந்து பச்சை வந்தது, கத்தலும் நின்றது.

“இவ்வளவுதானா? ஜெனரேட்டர் ஓடிக்கிட்டேதானே இருந்துச்சு?” என்றார் அக்கா.

“ஜெனரேட்டர் ஓடும்க்கா, இது வாங்காது. காலையிலேர்ந்து பேட்டரியிலதான் ஓடியிருக்கு. விளக்கு எரியுதேன்னு நீங்க இருந்திருப்பீங்க.” பல்லிடுக்கில் ‘த்ச்’ என்றான். “எவன் இதை மாட்டுனது? பேட்டரியில எரியுதா, ஜெனரேட்டர்ல எரியுதான்னு கொஞ்சமாவது பாக்க வேண்டாமா?”

சொல்லி முடித்த வாய் அப்படியே நின்றது.

லைட்டு எரியுதா சார்? எரியுது. அன்று மூன்று தடவையும் எரிந்தது பேட்டரியில். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் விளக்கு எரிவது எதற்கும் அத்தாட்சியில்லை. அதற்காகத்தானே அதை வாங்குகிறார்கள்? அவன் மூன்று தடவை சோதித்தது எதையும் சொல்லாத ஒரு விஷயத்தை.

“என்னப்பா, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு? ஷாக் கீக் அடிச்சுதா?”

அவன் போனை எடுத்து அச்சக்காரர் வீட்டுக்குப் போட்டான். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பெரியவருக்குக் காது கேட்காது என்று சொல்லிக்கொண்டான். போன் எப்போதும் கூடத்து அலமாரியில்தான் கிடக்கும் என்று சொல்லிக்கொண்டான். மறுபடி போட்டான். அதே மணி. அந்த அம்மா கேட்டுக்கொண்டு படுத்திருப்பார், எழுந்து வர முடியாது என்று நினைத்தான். அதைவிட மோசமாகவும் ஒன்றை நினைத்தான். அதை நினைத்ததும் சாமான் பையைக்கூட எடுக்காமல் வண்டியை உதைத்தான்.

விடியற்காலையில் போன கரண்டு. இரண்டு பேட்டரி, ஒரு ஃபேன், ஒரு விளக்கு, அந்த மெஷின். வண்டி ஓட ஓட அவன் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. எப்படிப் போட்டாலும் மதியத்தைத் தாண்டவில்லை. மேகத்தைப் பார்த்தான், பொழுது உச்சிக்கு வந்துவிட்டதா இல்லையா என்று தெரியவில்லை.

பாதி வழியில் சாலைக்குக் குறுக்கே ஒரு மரம் படுத்திருந்தது. வெட்டிக்கொண்டிருந்தவர்கள், “கொஞ்சம் பொறுங்க அண்ணே, வழி விட்டுடுறோம்” என்றார்கள். வண்டியை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டுக் கிளைகளுக்குள் புகுந்து ஓடினான். சாவியை எடுத்தானா? தெரியாது. பூட்டை மூன்று தடவை இழுக்கிறவன் வண்டியை நடுரோட்டில் போட்டுவிட்டு ஓடினான் என்று பிறகு கேள்விப்பட்டபோது அவன் மனைவி நம்பவில்லை. முழங்கால் அளவு தண்ணீரில் செருப்பு ஒன்று போனது. ஓடி வெகுகாலம் ஆகியிருந்தது, நெஞ்சு அடைத்தது. மூச்சு வாங்கும்போதெல்லாம் அந்த அம்மாவின் மூச்சு நினைவுக்கு வந்தது, அதனால் நிற்கவும் முடியவில்லை.

தெருமுனையிலேயே ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. வேறொரு நாளாக இருந்தால், ஓடுகிறது என்று ஆறுதலாக இருந்திருக்கும். இன்று அந்தச் சத்தம் அவனைக் குலைநடுங்க வைத்தது. லேசாக, சுமை எதுவும் இல்லாமல், வெறும் வயிற்றோடு ஓடுகிற சத்தம் அது. அந்தத் தெருவே அதைக் கேட்டுக்கொண்டு, ‘அந்த வீட்டுக்கு என்ன கவலை, ஜெனரேட்டர் இருக்கு’ என்று நினைத்திருக்கும்.

முன்கதவு தாழ் போட்டிருந்தது. இரண்டு கையாலும் தட்டினான். “சார்! சார்!” யாருக்குக் கேட்கும்? பக்கத்துச் சந்தில் புகுந்து பின்கட்டுக்கு வந்தான். கைப்பிடி கீழே இழுத்திருந்தது. சொல்லிக்கொடுத்ததைப் பெரியவர் சரியாகச் செய்திருந்தார். ஜெனரேட்டரைப் போட்டுவிட்டுப் பின்கதவைத் தாழிடாமல் விட்டிருந்தார். உள்ளே பாய்ந்தான்.

சமையலறையைத் தாண்டியதும்தான் அது காதில் விழுந்தது. கீ, கீ, கீ. ஜெனரேட்டர் சத்தத்துக்கு அடியில் ஒரு பூச்சி கத்துவதுபோல. அவன் அறை வாசலுக்கு வந்தபோது அது ஒரே நீளமான சத்தமாக மாறியது, பிறகு நின்றது. ஃபேன் வேகம் குறைந்து நின்றது. ஆக்சிஜன் மெஷின் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது.

பெரியவர் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். விடியலில் எழுந்தவர், மெஷின் சத்தம் உடம்பில் பட்டதும் கண்ணை மூடிவிட்டார். அந்த அம்மா தூங்கவில்லை. தலையணையில் தலை நிமிர்ந்திருந்தது, கண் இரண்டும் மரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தன. கையில் ஒரு ஸ்பூன். கட்டில் கம்பியில் தட்டித் தட்டிக் கை ஓய்ந்து, ஸ்பூன் விரல்களில் தொங்கிக்கொண்டிருந்தது. அவனைப் பார்த்ததும் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

அவன் மரப்பெட்டியின் கதவை இழுத்துத் திறந்தான். சின்ன சிவப்பு விளக்கும் அணைந்திருந்தது. ஸ்விட்ச் முதுகில். பெட்டி சுவரோடு ஒட்டி நின்றது, பேட்டரி கனத்தில் அசையவில்லை. டார்ச் இல்லை, சாமான் பை ஜெராக்ஸ் கடையில். பக்கவாட்டில் ஒரு கை நுழைகிற சந்துதான் இருந்தது. அந்தச் சந்துக்குள் எங்கே வயர், எங்கே பேட்டரியின் ஈய முனை, எங்கே ஆணி என்று எதுவும் தெரியவில்லை. ஜெனரேட்டர் கரண்டு அந்தப் பிளக் வரை வந்து காத்துக்கொண்டிருந்தது என்பது மட்டும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ஈரக் கையை உள்ளே விட்டான்.

தகரம். வயர். இன்னொரு வயர். மணிக்கட்டில் ஏதோ கீறியது. பின்னால் அந்த அம்மாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஒரு சின்ன மேடு விரலில் பட்டது. தள்ளினான். அசையவில்லை. மறுபக்கம் தள்ளினான். நகர்ந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்வெர்ட்டர் உடனே வாங்காது, வருகிற கரண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வாங்கும். அவனுக்கு அது தெரியும். தெரிந்தும், அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் செத்துப் பிழைத்தான். அந்த அம்மாவின் கையைப் பிடித்தான், விரல் சில்லென்றிருந்தது. நகத்தில் நீலம். “வந்துரும்மா, வந்துரும், இதோ வந்துரும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பயப்படாதீங்க என்று சொல்ல வாய் வரவில்லை.

டக்.

ஃபேன் அசைந்தது. ஆக்சிஜன் மெஷின் உறுமி எழுந்தது. அதே நேரம் பின்கட்டில் ஜெனரேட்டரின் சத்தம் தாழ்ந்து, கனத்து, முக்கி முனகி ஓட ஆரம்பித்தது.

போன் மணிக்கும் கதவுத் தட்டலுக்கும் ஸ்பூன் சத்தத்துக்கும் விழிக்காத பெரியவர், அந்த மாற்றத்துக்குச் சட்டென்று கண் விழித்தார். தரையில் பாதத்தை அழுத்தி வைத்துப் பார்த்தார். ஆயுள் முழுக்க இயந்திரத்தோடு நின்றவர் இல்லையா!

“இப்பத்தானே மெஷின் வேல செய்யுது?” என்றார். “அப்ப இவ்வளவு நேரம் அது சும்மாவா ஓடிச்சு?”

அப்போதுதான் அவனையும், அவன் மணிக்கட்டு ரத்தத்தையும், மனைவியின் உதட்டையும் பார்த்தார். எழுந்திருக்கப் பார்த்து நாற்காலியிலேயே விழுந்தார். “நான் தூங்கிட்டேன். ஐயோ, நான் இங்கயே இருந்து தூங்கிட்டேன்.” மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“நீங்க ஒண்ணும் பண்ணல சார்.” அவன் அவருடைய வலது காதருகே குனிந்து கத்திச் சொன்னான். கத்திச் சொல்ல வேண்டியிருந்தது அவனுக்குத் தண்டனையாக இருந்தது. “தப்பு என்னுது. நான் சரியாப் பாக்கல. மூணு தடவையும் தப்பாப் பாத்தேன்.”

பெரியவர் அவனைத் திட்டியிருக்கலாம். திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவன் எதிர்பார்த்தான். அவர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலம் மெதுவாகக் கலைந்துகொண்டிருந்தது.

சிலிண்டர்காரருக்குப் போன் போட்டான். மரம் வெட்டி முடிந்ததும் கொண்டுவருவதாகச் சொன்னார். அதன் பிறகு மரப்பெட்டிக் கதவின் கீலைச் சமையலறைக் கத்தியால் கழற்றி, கதவைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். இன்வெர்ட்டரின் முகம் கட்டிலிலிருந்தே தெரிந்தது. அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

வெகுநேரம் கழித்து அந்த அம்மாவுக்குக் குரல் வந்தது. “ரொம்ப நேரமாக் கேட்டுக்கிட்டே இருந்தேன் தம்பி. எனக்கு மட்டுந்தான் கேட்டுது. நிக்கப்போவுதுன்னு தெரிஞ்சுது. யாருக்குச் சொல்றது?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“போயிடாத.”

“போகலம்மா. கரண்டு வந்து, சிலிண்டரும் வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

வெளியே மழை வலுத்தது. பெரியவர் மனைவியின் காலை விடவேயில்லை. அந்த அம்மா கண்ணை மூடினார், உடனே திறந்தார்.

“எரியுதா?”

“லைட்டு எரியுதும்மா.”

“லைட்ட யார் கேட்டா? அந்தப் பச்சை?”

“எரியுதும்மா.”

மறுபடி கண்ணை மூடினார். இமை துடித்துக்கொண்டே இருந்தது. மூடியபடியே சொன்னார், “இன்னொரு தடவை பாரு.”

பச்சை அவன் கண்ணுக்கு நேரேதான் எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவன் எழுந்து, கிட்டப் போய், மண்டிபோட்டுக் குனிந்து பார்த்தான்.